ஆப்ப சோடா போட்டது ஆப்பமா?

சமையல் சோடாவுக்குத் தமிழ்நாட்டு மளிகைக் கடைகளில் இன்னொரு பெயர் உண்டு: ஆப்ப சோடா. அதைக் கொண்டைக்கடலை வேகவைக்கப் போடுகிறோம், பஜ்ஜி மாவில் போடுகிறோம், அடைத்துக்கொண்ட கழிநீர்க் குழாயில்கூடக் கொட்டுகிறோம். பெயர் என்னவோ ஆப்பத்தின் பெயர்தான். "சோடா போட்டால் அது அசல் ஆப்பமே இல்லை" என்று சண்டைக்கு வருகிறவர்கள் முதலில் இந்தப் பெயருக்குப் பதில் சொல்லிவிட்டு வர வேண்டும். தான் ஒட்டிக்கொண்ட பலகாரத்தின் பெயரையே தனக்குச் சூட்டிக்கொள்ளும் அளவுக்கு இந்தக் குறுக்குவழி பழசாகிவிட்டது.

அதற்காகச் சோடா ஆப்பமும் கள்ளு ஊற்றிய ஆப்பமும் ஒன்றுதான் என்று சொல்ல வரவில்லை. வாயில் வைத்ததும் வித்தியாசம் தெரியும். ஏன் தெரிகிறது, எதை விட்டதால் தெரிகிறது, விட்டதை வேறு எதைக் கொண்டு ஈடுகட்டலாம் என்பதுதான் இங்கே பேச்சு. அசல், போலி என்ற வழக்கை அதற்குப் பிறகு வைத்துக்கொள்ளலாம்.

ராத்திரி முழுக்க மாவு பொங்குகிறபோது பானைக்குள் பல வேலைகள் ஒரே நேரத்தில் நடக்கின்றன. காற்று உண்டாகிறது. புளிப்பு ஏறுகிறது. மாவு அந்தக் காற்றைப் பிடித்து வைத்துக்கொள்ளும் பதத்துக்கு வருகிறது. இது தவிர, பெயர் வைக்க முடியாத ஒரு வாசனையும் சேர்கிறது. சோடா இதில் முதல் வேலையை மட்டும்தான் செய்யும், அதுவும் சில நிமிஷம்தான். நம் அவசர ஆப்பங்கள் தட்டையாக, ரப்பர் மாதிரி வருவதற்குக் காரணம் காற்று போதாமை என்று நினைத்து இன்னும் ஒரு சிட்டிகை சோடா போடுகிறோம். பெரும்பாலும் காற்று போதுமான அளவு இருக்கும். அதைப் பிடித்து வைக்கத்தான் மாவில் ஒன்றும் இருக்காது.

கோதுமை மாவில் அந்தப் பிடிப்பைப் பசையம் (குளூட்டன்) பார்த்துக்கொள்கிறது. அரிசியில் பசையம் கிடையாது. அதனால் அரிசி மாவுக்கு வெளியாள் வேண்டும். உளுந்தின் வழவழப்பு ஒரு ஆள். வெந்தயத்தின் பிசின் இன்னொரு ஆள். பழைய சோறு அல்லது கப்பி மூன்றாவது. கப்பி என்றால் ஊறிய அரிசியில் கொஞ்சத்தைக் கொரகொரப்பாக அரைத்துத் தண்ணீர் விட்டுக் கூழாகக் காய்ச்சி, ஆறவைத்து, மீதி மாவோடு கலப்பது. கேரளத்தில் பாலப்பம் செய்பவர்கள் பலர் கப்பி காய்ச்சாமல் மாவு கூட்ட மாட்டார்கள். தமிழ்நாட்டுப் பக்கம் அதே வேலைக்கு ஒரு பிடி சோற்றைப் போட்டு அரைக்கிறோம். வெந்த மாவுச்சத்து கெட்டியாகி, எழும்பும் குமிழியைச் சுற்றி ஒரு சவ்வு போல நிற்கிறது. குமிழி மேலே வந்து உடனே வெடித்துப்போகாமல் நடுவில் தங்குகிறது. ஆப்பத்தின் நடு பஞ்சாக இருப்பதன் ரகசியம் இவ்வளவுதான். உடனடி ஆப்பக் குறிப்புகளில் பாதிக்கு மேல் முதலில் கைவிடுவதும் இந்தப் பத்து நிமிஷ வேலையைத்தான். எட்டு மணி நேரப் புளிப்பை மிச்சம் பிடிப்பது புரிகிறது. பத்து நிமிஷக் கஞ்சியையும் சேர்த்து மிச்சம் பிடிப்பது வெறும் சோம்பேறித்தனம்.

கள்ளு இருந்த காலத்தில் காற்று, புளிப்பு, வாசனை மூன்றையும் அதுவே பார்த்துக்கொண்டது. தென்னங்கள்ளில் ஈஸ்டும் புளிப்பேற்றும் நுண்ணுயிரும் ஒன்றாகவே குடியிருக்கின்றன, கூடவே அவற்றுக்குத் தீனியாகச் சர்க்கரையும் இருக்கிறது. கால் கிலோ அரிசிக்கு 100 முதல் 150 மில்லி புதுக் கள்ளு விட்டால் ஐந்தாறு மணி நேரத்தில் மாவு நுரைத்து நிற்கும். தமிழ்நாட்டில் 1987 முதல் கள் இறக்கத் தடை. கேரளத்திலும் இலங்கையிலும் கள்ளு வாங்கலாம், நமக்கு அந்த வழி அடைபட்டு முப்பது வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது. ஆக "பழைய முறைப்படி" என்று இன்று தமிழ்நாட்டு வீடுகளில் செய்யும் ஆப்பம் உளுந்தும் வெந்தயமும் சோறும் சேர்த்து ராத்திரி வைத்துக் காலையில் ஒரு சிட்டிகை சோடா தட்டிச் சுடுவது. யாழ்ப்பாணத்து அப்பம் கேட்டால் உளுந்தா என்பார்கள். கேரளத்தில் கள்ளப்பத்தைத் தோசைக்கல்லில் தடிமனாக ஊற்றுகிறார்கள், அதற்கு ஓரச் சல்லடையே இல்லை. பொருள் பட்டியலை வைத்து அசலைத் தேடினால் ஊருக்கு ஓர் அசல் கிடைக்கும்.

சோடா மட்டும் போடும் ஆப்பத்தின் சங்கதிக்கு வருவோம். சோடா வேலை செய்ய அமிலம் வேண்டும். தேங்காய்ப்பாலில் அமிலம் இல்லை என்றே சொல்லலாம். அரிசி மாவு, தேங்காய்ப்பால், சோடா மூன்றையும் கலந்து சட்டியில் ஊற்றினால், சூட்டில் சோடாவில் ஒரு பகுதிதான் காற்றாகும். மீதி சலவைச் சோடாவாக மாறி ஆப்பத்திலேயே தங்கிவிடும். சவுக்காரம் மாதிரி ஒரு வழுக்கல் சுவை, நாக்கில் ஒரு காந்தல், நடுவில் மஞ்சள் பூத்தது போன்ற நிறம் எல்லாம் அதனால்தான். சோடா கூடிப்போனால் ஓரம் பொன்னிறத்தைத் தாண்டி அழுக்குப் பழுப்பாகும். காரத்தன்மை (அமிலத்துக்கு எதிரான குணம்) கூடினால் சிவப்பது வேகமாகும் என்பது காரணம்.

அமிலத்தைச் சேர்த்தால் இந்தத் தொல்லை தீரும். நன்றாகப் புளித்த மோர் ஒரு கப்புக்கு அரை டீஸ்பூன் சோடா என்பது பொதுக்கணக்கு. மோர் அதை முழுக்கக் காற்றாக்கிவிடும், மிச்சம் சொச்சம் இருக்காது. புளிக்காத தயிரைத் தண்ணீர் விட்டு அடித்துவிட்டு அதே அளவு சோடா போட்டால் மறுபடி சவுக்காரம்தான். பழ உப்பு (ஈனோ போன்றது) பொட்டலத்தில் சோடாவும் சிட்ரிக் அமிலமும் சேர்ந்தே இருப்பதால் அது வெறும் சோடாவைவிடச் சுத்தமாக வேலை செய்யும். ஆனால் தண்ணீர் பட்ட நொடியிலேயே பொங்கித் தீர்ந்துவிடும். பத்து ஆப்பத்துக்கான மாவில் மொத்தமாகப் போட்டால் முதல் மூன்று ஆப்பம் பஞ்சு, அடுத்த மூன்று சுமார், கடைசி நான்கு அரிசி ரொட்டி. மாவை இரண்டு மூன்றாகப் பிரித்து, ஊற்றுவதற்கு முன்னால் அந்தந்தப் பங்குக்கு மட்டும் கலந்துகொள்ள வேண்டும். ஒன்றிரண்டு ஆப்பம் என்றால் சோடா போதும். ஒரு குடும்பத்துக்குச் சுட வேண்டும் என்றால் ஈஸ்டுக்குப் போவது நல்லது.

ஒன்றரை மணி நேரத்தில் செய்யக்கூடிய, வெட்கப்படாமல் ஆப்பம் என்றே சொல்லித் தட்டில் வைக்கக்கூடிய கணக்கு இது. நைசான பச்சரிசி மாவு 250 கிராம். அதில் 25 கிராமை, அதாவது மூன்று மேசைக்கரண்டியைத் தனியே எடுத்து 200 மில்லி பச்சைத் தண்ணீரில் கட்டியில்லாமல் கரைத்து அடுப்பில் வையுங்கள். மூன்று நான்கு நிமிஷம் கிளறினால் கண்ணாடி போல ஒரு பளபளப்பு வந்து கூழாகும். அதுதான் கப்பி. வெந்நீரில் மாவைக் கொட்டினால் கட்டி விழும், பிறகு எவ்வளவு கிளறினாலும் உடையாது. கப்பி ஆறும் நேரத்தில் மீதி மாவை 150 மில்லி தண்ணீரில் பிசறி ஊறவைத்துவிடுங்கள். பாக்கெட் மாவு காய்ந்த மாவு. ஊறாமல் போனால் ஆப்பத்தில் நறநறப்பு தெரியும்.

கப்பி கை பொறுக்கும் சூட்டுக்கு வந்ததும் ஊறிய மாவு, சர்க்கரை ஒரு மேசைக்கரண்டி, இன்ஸ்டன்ட் ஈஸ்ட் தலைதட்டிய ஒரு டீஸ்பூன் (3 கிராம்), நன்றாகப் புளித்த இட்லி மாவு 50 கிராம், எல்லாவற்றையும் மிக்ஸியில் போட்டு ஒரு நிமிஷம் ஓடவிடுங்கள். கப்பி கொதிக்கக் கொதிக்க இருந்தால் ஈஸ்ட் செத்துவிடும், 60 டிகிரியைத் தாண்டிய எதிலும் அது பிழைக்காது. மிக்ஸி ஜாரும் ஓடி ஓடிச் சூடேறும் என்பதை மறக்க வேண்டாம். இட்லி மாவு இங்கே புளிப்புக்காக மட்டும் வரவில்லை, அதில் உள்ள உளுந்து பிடிப்புக்கும் உதவுகிறது. அது இல்லாவிட்டால் 30 மில்லி புளித்த மோர் விடலாம். புளிப்பு கிடைக்கும், பிடிப்பு கொஞ்சம் குறையும்.

பாத்திரத்தில் மாவு இரண்டு மடங்காகப் பொங்க இடம் இருக்கட்டும். 30 டிகிரி வெயில் நாளில் 60 முதல் 75 நிமிஷத்தில் மேலே நுரை கட்டி, ஒன்றரை மடங்கு உயர்ந்து நிற்கும். ஊட்டியிலோ மார்கழியிலோ அடுப்பை அணைத்த பிறகு அதன் பக்கத்தில் வைத்தாலும் இரண்டு மணி நேரம் ஆகும். அவசரத்துக்கு ஈஸ்டை இரட்டிப்பாக்கலாமே என்று தோன்றும். செய்யாதீர்கள். நேரம் கால் மணிதான் மிச்சமாகும், பேக்கரி வாசனை மொத்தமாக ஏறிக்கொள்ளும். "ஈஸ்ட் ஆப்பம் பிடிக்காது" என்று சொல்பவர்களில் பலருக்குப் பிடிக்காமல் போனது ஈஸ்ட் அல்ல, இரண்டு டீஸ்பூன் ஈஸ்ட்.

பொங்கிய பிறகுதான் கெட்டித் தேங்காய்ப்பால் 150 மில்லியும் உப்பு முக்கால் டீஸ்பூனும் சேர வேண்டும். முதலிலேயே பாலை விட்டால் வெயில் நாளில் ஒரு சிக்குவாடை வருவதற்கு வாய்ப்பு உண்டு, பாலின் சொந்த மணமும் அமுங்கிப்போகும். கடைசியில் விட்ட பாலின் சர்க்கரையும் ஓரத்தைப் பொன்னாக்க உதவுகிறது. மாவு கரண்டியிலிருந்து ஒழுகும்போது மோர்க்குழம்பு பதத்தில் இருக்க வேண்டும். மொத்தத் தண்ணீர்ச் சத்து மாவைப் போல இரண்டு மடங்கு. பாக்கெட்டுக்குப் பாக்கெட் மாவு தண்ணீர் குடிப்பது மாறும் என்பதால் 30, 40 மில்லி தண்ணீரைக் கையில் வைத்துக்கொண்டு சரிசெய்யுங்கள். ஒன்பது, பத்து ஆப்பம் வரும்.

சுடுவதில் நடக்கும் தப்புகள் மாவைவிட அதிகம். 20 செ.மீ. சட்டிக்கு 80 மில்லி மாவு, ஒரு சின்னக் குழிக்கரண்டி. சட்டி நடுத்தரச் சூட்டில் இருக்கும்போது ஊற்றி, இரண்டு காதையும் பிடித்து ஒரே வீச்சாக ஒன்றரைச் சுற்று. ஊற்றியதும் சுரீர் என்று கத்தி மாவு திப்பித் திப்பியாகத் தெறித்தால் சூடு அதிகம். சத்தமே இல்லாமல் எல்லாம் நடுவுக்கு வழிந்து சேர்ந்தால் சூடு போதவில்லை, அல்லது எண்ணெய் கூடிவிட்டது. எண்ணெய் தடவிய சட்டியில் மாவு ஓரத்தில் ஒட்டாது, ஒட்டாவிட்டால் சல்லடை ஏது? நல்லெண்ணெயில் தொட்ட வெங்காயத்தாலோ துணியாலோ ஒருமுறை துடைத்தால் போதும். நான்ஸ்டிக் சட்டியில் எண்ணெயே வேண்டாம். இரும்புச் சட்டிக்கு ஓரம் நன்றாக வரும், பழகும் வரை முதல் இரண்டு ஆப்பத்தைப் பலி கேட்கும். மூடி போட்டு ஒன்றரை முதல் இரண்டு நிமிஷம். நடு வேகாமல் ஓரம் கருகுகிறது என்றால் தீயைக் குறைக்கும் முன் மாவின் பதத்தைப் பாருங்கள். கெட்டியான மாவு நடுவில் குவிந்து நிற்கும், அதை எந்தத் தீயாலும் சரிக்கட்ட முடியாது. சர்க்கரை கூடினாலும் ஓரம் கருகி ஒட்டும்.

இந்தக் கப்பிக்கு எங்கோ ஒரு உறவுக்காரர் இருக்கிறார் என்பது பலருக்குத் தெரியாது. எத்தியோப்பியாவின் இஞ்செரா, தோசை மாதிரி ஒரு ரொட்டி, தெஃப் என்ற கடுகைவிடச் சின்னத் தானியத்தின் மாவில் செய்வது. மாவைக் கரைத்து, போன தடவை மாவின் மேலே தெளிந்து நின்ற மஞ்சள் நீரை உறையாக விட்டு, இரண்டு மூன்று நாள் புளிக்க வைக்கிறார்கள். அந்த நீருக்கு எர்ஷோ என்று பெயர். சுடும் நாளில் மேலே நிற்கும் நீரை இறுத்துவிட்டு, புளித்த மாவில் கொஞ்சத்தை, சுமார் பத்தில் ஒரு பங்கை எடுத்துத் தண்ணீரில் கூழாகக் காய்ச்சி, ஆறவைத்து, திரும்ப மாவிலேயே கலக்கிறார்கள். அதற்குப் பெயர் அப்சித். அதற்குப் பின் மாவு மறுபடி எழும்பிய பிறகே மிதாத் என்னும் பெரிய வட்டக் கல்லில் ஊற்றுகிறார்கள், ஒரு பக்கம் மட்டும், மூடி போட்டு. பசையம் இல்லாத மாவு, எழும்பும் காற்று, பிடித்து வைக்க வெந்த கூழ். மலையாளச் சமையலறையும் எத்தியோப்பியச் சமையலறையும் ஒரே இடத்தில் மாட்டி ஒரே வழியில் வெளியே வந்திருக்கின்றன. ஒருவரைப் பார்த்து ஒருவர் கற்றிருக்க வேண்டியதில்லை. கையில் இருக்கும் மாவு கேட்பதைக் கொடுத்தால் இங்கேதான் வந்து சேர வேண்டும்.

இஞ்செராவின் மேற்பரப்பில் நெருக்கமாக இருக்கும் துளைகளைக் கண்கள் என்பார்கள். அவைதான் குழம்பை உறிஞ்சுகின்றன. வெளிநாடுகளில் செய்யும் அவசர இஞ்செராவில் தெஃபோடு தானாகவே உப்பி எழும் கோதுமை மாவு (பேக்கிங் பவுடர் கலந்தே விற்பது), சோடாத் தண்ணீர், புளிப்புக்கு எலுமிச்சைச் சாறு. 150 கிராம் தெஃப், 100 கிராம் மைதா, ஒரு டீஸ்பூன் பேக்கிங் பவுடர், சோடாத் தண்ணீர் 400 மில்லிக்குச் சற்று மேல், சாறு 20 மில்லி என்ற கணக்கில் ஒரு வட்டம் வந்துவிடும். கண்கள் பெரிதாக, எண்ணிக்கையில் குறைவாக வரும். கையால் பிய்த்தால் இழுபடும், அது கோதுமையின் குணம். எலுமிச்சையின் புளிப்பு முதல் கடியிலேயே தெரிந்து மறைந்துவிடும். மூன்று நாள் புளிப்பு நாக்கின் பின்பக்கம் வந்து நிற்கும். இதில் ஒன்று மட்டும் சுவை சம்பந்தப்பட்டதல்ல: தெஃபில் பசையம் இல்லை என்பதற்காகவே இஞ்செரா சாப்பிடுகிறவர்கள் இருக்கிறார்கள். மைதா கலந்ததை அவர்களிடம் பெயர் மட்டும் சொல்லி நீட்டினால் அது உடம்புக்குச் செய்யும் தீங்கு. அதே சமயம் எத்தியோப்பியாவிலேயே தெஃப் விலை தாங்காதவர்கள் சோளமும் பார்லியும் மக்காச்சோளமும் கலந்து இஞ்செரா சுடுகிறார்கள். அதைப் போலி என்று சொல்ல யாருக்கு வாய் வரும்?

தெஃப் கிடைக்காத நம் ஊரில் கேழ்வரகு மாவைப் புளிக்க வைத்து, அப்சித் காய்ச்சி, ஒரு பக்கம் மட்டும் சுட்டுப் பார்க்கலாம். கண்கள் ஓரளவு வரும். கேழ்வரகும் கிழக்கு ஆப்பிரிக்க மேட்டுநிலத்திலிருந்து நம்மிடம் வந்த தானியம்தான். ஆனாலும் அதை இஞ்செரா என்று சொல்லாமல் கேழ்வரகு தோசை என்று சொல்லிவிடுவது நேர்மை.

நான் ரொட்டி விஷயத்தில் கதை தலைகீழ். வீட்டில் ஈஸ்ட் இல்லாமல் தயிரும் பேக்கிங் பவுடரும் போட்டுச் செய்வதைக் குறுக்குவழி என்று தாழ்த்திப் பேசுகிறோம். வட இந்திய உணவகங்கள் பலவற்றின் தந்தூர் அடுப்படியில் பிசைவதே மைதா, தயிர், பால், பேக்கிங் பவுடர், சோடாதான். முட்டை சேர்ப்பவர்களும் உண்டு. ஈஸ்ட் போடும் இடங்களும் உண்டு, ஆனால் அதுதான் விதி என்று இல்லை. பிரிஸ்டல் நகரத்து ஹென்றி ஜோன்ஸ் தானாகவே உப்பி எழும் மாவுக்குக் காப்புரிமை வாங்கியது 1845-இல். சோடா ரொட்டிக்கு அதற்கும் முந்தைய வரலாறு இருக்கிறது. இத்தனை வயதான ஒன்றைப் புதுசு என்று விரட்ட முடியாது. உணவக நானுக்கும் வீட்டு நானுக்கும் இடையே உண்மையில் நிற்பது அடுப்பு. தந்தூரின் சுவர் 400 டிகிரியைத் தாண்டும், நான் ஒன்றரை நிமிஷத்துக்குள் வெந்து இறங்கும். உள்ளே ஈரம் வெளியேற அதற்கு நேரமே கிடைப்பதில்லை. வீட்டு ஓவனில் 250 டிகிரியில் நான்கைந்து நிமிஷம் கிடந்து வறட்டி ஆகிறது.

இணையத்தில் சுற்றும் "இரண்டே பொருள் நான்", தயிரும் மாவும் சம எடை என்கிறது. அந்தத் தயிர் நீர் வடித்த கெட்டித் தயிர். நம் வீட்டுத் தயிரில் நூற்றுக்கு 87, 88 பங்கு தண்ணீர். சம எடையில் போட்டால் மாவு உருண்டையாகத் திரளாது, பிசுபிசுவென்று கையில் ஒட்டும். 250 கிராம் மைதாவுக்கு 160 கிராம் வீட்டுத் தயிர் சரியான தொடக்கம். பேக்கிங் பவுடர் 2 டீஸ்பூன், சோடா கால் டீஸ்பூன், உப்பு முக்கால் டீஸ்பூன், சர்க்கரை ஒரு டீஸ்பூன், எண்ணெய் ஒரு மேசைக்கரண்டி. பிசையும்போது வெதுவெதுப்பான பாலை 20, 30 மில்லி வரை தெளித்துக்கொள்ளலாம். விரலில் லேசாக ஒட்ட வேண்டும். ஒட்டாத மாவு ஆறியதும் அட்டை. மூடி 30 நிமிஷம் வையுங்கள். இந்த அரை மணி நேரம் உப்புவதற்காக அல்ல, பசையம் தளர்வதற்காக. வைக்காமல் இட்டால் மாவு சுருங்கிச் சுருங்கித் திரும்பும். நீங்கள் பலம் போட்டு இடுவீர்கள், இருந்த காற்றும் போகும்.

சுடுவதற்கு இரும்புத் தோசைக்கல்தான் தேவை. நானின் ஒரு பக்கம் தண்ணீரைத் தாராளமாகத் தடவி, அந்தப் பக்கம் கல்லில் ஒட்டும்படி புகையும் கல்லில் போடுங்கள். மேலே குமிழ் எழும்பியதும் கல்லையே கவிழ்த்துத் தீயில் காட்டினால் கரும்புள்ளிகளோடு வெந்துவிடும். நான்ஸ்டிக் கல்லில் ஒட்டாது, கவிழ்த்தால் அடுப்பில் விழும். அதன் பூச்சு அந்தச் சூட்டையும் தாங்காது.

பரோட்டாவுக்குக் குறுக்குவழி ஒன்றே ஒன்றுதான் உருப்படி. வீசத் தெரியாதவர்கள் உருண்டையை மெல்லிசாக இட்டு, எண்ணெய் தடவி, கத்தியால் 3, 4 மில்லிமீட்டர் அகலத்தில் நீளவாக்கில் கீறி, கீற்றுகளை ஒன்றாகத் திரட்டிச் சுருட்டிக்கொள்ளலாம். அடுக்கு அப்படியே பிரியும். வீச்சின் வேலையைக் கத்தி செய்துவிடுகிறது. ஊறும் நேரத்தின் வேலையை எதுவும் செய்வதில்லை. அரை கிலோ மைதா, 290 மில்லி தண்ணீர், உப்பும் சர்க்கரையும் தலா 10 கிராம், எண்ணெய் 20 மில்லி. பிசைந்து அரை மணி, உருண்டை பிடித்து எண்ணெயில் மூழ்கவைத்து இரண்டு மணி. இதைச் சுருக்கச் சோடாவைப் போட்டால் மாவு மஞ்சளடித்து, மெத்தென்று ஒரு ரொட்டி வரும், பரோட்டா வராது. வேண்டுமானால் பிசைவதைச் சுருக்குங்கள். மாவும் தண்ணீரும் கலந்து 20 நிமிஷம் சும்மா விட்டால் பசையம் தானாகவே பாதி உருவாகிவிடும், பிறகு இரண்டு நிமிஷப் பிசைதல் போதும். சுட்ட சூட்டோடு அடுக்கி இரண்டு பக்கமும் கையால் தட்டுவதை மட்டும் விட்டுவிட வேண்டாம், அதற்குப் பத்து விநாடிதான்.

இப்போது அந்த வழக்கு. இரண்டாம் உலகப் போரின்போது அரிசிக்குத் தட்டுப்பாடு வந்ததால் ரவையை வைத்து இட்லி செய்யத் தொடங்கியதாக பெங்களூரு எம்.டி.ஆர். தன் வரலாற்றில் சொல்கிறது. அரைக்காமல் புளிக்காமல் செய்த அவசர இட்லி. அது இன்று அரிசி இட்லிக்குப் பதில் என்று யாரும் சாப்பிடுவதில்லை, ரவா இட்லி வேண்டும் என்று கேட்டே சாப்பிடுகிறார்கள். பிழைத்ததற்குச் சுவை பாதி காரணம் என்றால், தன் பெயரிலேயே ரவை என்று சொல்லிவிட்டது மீதி. ரவா தோசைக்கும் இதே கதி மோட்சம். மூன்று நாள் புளித்த சுவையை எதிர்பார்க்க வைத்து எலுமிச்சையைக் கொடுக்கும்போதுதான் கோபம் வருகிறது. "ஒன்றரை மணி நேர ஆப்பம்" என்று எழுதிவிட்டால் யாருக்கும் மனத்தாங்கல் இல்லை. "பாட்டி கைப்பக்குவ அசல் ஆப்பம், ஐந்தே நிமிடத்தில்" என்று தலைப்பு வைக்கிறவர்களிடம்தான் எனக்குச் சண்டை. எந்தப் பாட்டிக்கும் ஐந்து நிமிடத்தில் ஆப்பம் சுட வேண்டிய அவசரம் இருந்ததில்லை, இருந்த அன்றைக்கு அவர் உப்புமா கிண்டியிருப்பார்.

மேலே சொன்ன ஈஸ்ட் மாவில் இன்னொரு காரியமும் பார்க்கலாம். தேங்காய்ப்பாலும் உப்பும் சேர்க்கும் முன் பொங்கிய மாவில் கால் கப், 60 மில்லி எடுத்து மூடியுள்ள பாட்டிலில் பாதி இடம் விட்டு ஊற்றி ஃப்ரிட்ஜில் வையுங்கள். மூடியை இறுக்க வேண்டாம், உள்ளே காற்று சேரும். மூன்று நான்கு நாளுக்குள் அடுத்த தடவை கால் கிலோ மாவு கூட்டும்போது ஈஸ்டுக்குப் பதில் இதை விட்டு, எட்டு மணி நேரம் வெளியே வைத்தால் பொங்கிவிடும். இட்லி மாவும் அப்போது தேவைப்படாது, கப்பி மட்டும் கட்டாயம். அதிலிருந்து மறுபடி கால் கப். மூன்றாவது நான்காவது சுற்றில் பேக்கரி வாசனை அடங்கி, புளிப்பு தானாக ஏறும். இளஞ்சிவப்பு நிறம் கண்டாலோ, நகப்பூச்சு மாதிரி நெடி அடித்தாலோ யோசிக்காமல் கொட்டிவிட்டு மீண்டும் 3 கிராம் ஈஸ்டிலிருந்து தொடங்குங்கள்.